கடனாளியின் பாயும் தொழிலாளியின் கூலியும்

மாத்தளைப் பட்டினத்திலிருந்து கிழக்கு நோக்கி இரத்தோட்டை வழியாக ஏறுகின்ற பாதை, வளைந்து வளைந்து சென்று நக்கிள்ஸ் மலைத்தொடரின் தோளைப் பற்றிக்கொள்ளும் இடத்திலே இருப்பது ரிவர்ஸ்டன். காற்று ஓயாத இடம். மேகம் பாதையில் இறங்கி நடக்கும் இடம். அதற்கப்பால் பித்தவல பத்தனைப் புல்வெளியும் இலுக்கும்புரக் கிராமமும் கிடக்கின்றன. ஆங்கில நாவிலே பிறந்த பெயர் அது. மலைகளுக்கும் தோட்டங்களுக்கும் வெள்ளைத் துரைமார் தமக்குப் பிடித்த பெயர்களைச் சூட்டி மகிழ்ந்த ஒரு காலத்தின் வாடை அந்தப் பெயரில் இன்னும் வீசுகிறது. இம்மலைச் சாரல்களைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே கோப்பித் தோட்டக்காரர்கள் மாத்தளை கிழக்கு என்றும் நக்கிள்ஸ் என்றும் வட்டாரங்களாக வகுத்துப் பயிரிட்டார்கள். பணம் பெருகியது. பின்னர் அதே மலைகளிலே பணம் மறைந்தது. மறைந்தபோது யாருக்கு எது மிஞ்சியது என்பதை விசாரிப்பது பயனுடையது. ஏனெனில் கடன்பட்டு நொடித்த மனிதனிடமிருந்து எதைப் பறிக்கலாம், எதைப் பறிக்கலாகாது என்ற கேள்விக்கு இலங்கைச் சட்டம் விடை தேடிய காலமும், கோப்பி வாழ்ந்து கெட்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே.

கோப்பி வருமுன் இப்பகுதி கண்டி இராச்சியத்தைச் சேர்ந்திருந்தது. 1660 முதல் 1679 வரை அந்த இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், ஊர்மக்கள் கடன் வசூலிக்கும் விதத்தைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். கடன் கொடுத்தவன் நியங்கலை என்னும் செடியின் இலையைக் கையிலே எடுத்துக்கொண்டு கடனாளியின் வாசலுக்குப் போவானாம். நம்மவர் கார்த்திகைப் பூ என்று கொண்டாடும் செடியே அது, கொடிய நஞ்சுடையது. பணத்தைத் தராவிட்டால் இதைத் தின்று இங்கேயே மாள்வேன் என்று மிரட்டுவானாம். அதற்கும் அசையாதவனுடைய மாடுகளை ஓட்டிச் செல்வதும், பிள்ளைகளை வேலைக்குப் பிடித்துப் போவதும் உண்டு. தமிழகத்து வழக்கமோ வேறு விதம். 13ஆம் நூற்றாண்டிலே பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடன் கொடுத்தவன் கடனாளியைச் சுற்றித் தரையிலே ஒரு வட்டம் கீறிவிட்டால், கடனைத் தீர்க்காமலோ தக்க பிணை கொடாமலோ அவன் அதனைத் தாண்டலாகாது என்று எழுதினார். அரசனே ஒருமுறை அவ்வட்டத்துக்குக் கட்டுப்பட்டு நின்றதைக் கண்டதாகவும் சொல்கிறார். வட்டமோ நஞ்சோ, இரண்டிலும் பணயமாவது ஆள்தான். வீட்டிலே எந்தச் சட்டியை விட்டுவைக்க வேண்டும் என்ற ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை.

மேல்நாட்டார் இவ்விஷயத்தில் நம்மைவிட இரக்கமுள்ளவர்களாய் இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தின் முதல் வங்குரோத்துச் சட்டம் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்திலே, 1542இல் பிறந்தது. அது நொடித்தவனைக் குற்றவாளியாகவே கருதியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, உள்ளதையெல்லாம் ஒளிக்காமல் ஒப்படைத்தவனுக்கு எஞ்சிய கடனிலிருந்து விடுதலை உண்டு என்ற புதுமை நுழைந்தது. அத்துடன் ஒளித்தவனுக்குத் தூக்குக்கயிறு என்ற விதியும் நுழைந்தது. பொருளை மறைத்த குற்றத்துக்காக ஜோன் பெரட் என்னும் இலண்டன் வணிகன் 1761இல் உண்மையாகவே தூக்கிலிடப்பட்டான். ஒல்லாந்தர் இலங்கைக்குக் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டம் இதைவிடச் சற்று மென்மையானது. சொத்து முழுவதையும் கடன்காரர் கையில் ஒப்புவிக்கும் கடனாளி சிறைவாசத்திலிருந்து தப்பலாம் என்ற பழைய உரோம வழக்கத்தை அது பேணி வந்தது.

இந்நிலையிலேதான் கோப்பி மோகம் மலைநாட்டைப் பிடித்தது. 1840ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே முடிக்குரிய காடு ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங்குக்கு விலைபோயிற்று. படை அதிகாரிகளும், நீதிபதிகளும், பாதிரிமாரும்கூட வாங்கினார்கள். சொந்தப் பணம் உள்ளவர் சிலர். கடன் பணத்தில் இறங்கியவர் பலர். கொழும்பிலிருந்த முகவர் நிறுவனம் காசு கொடுக்கும், அரிசி அனுப்பும், கோப்பியை இலண்டனில் விற்றுத் தரும். அதற்கு ஈடாகத் தோட்டமும், இன்னும் பூக்காத கோப்பியும் எழுதி வைக்கப்படும். 1847ஆம் ஆண்டளவில் விலை விழுந்தது. அவ்வாண்டு இங்கிலாந்திலும் பண நெருக்கடி. செலவழித்த பணத்தின் சிறு பங்குக்குத் தோட்டங்கள் ஏலத்தில் போயின. அரசிறை வரவிலே விழுந்த துண்டை அடைக்க அரசாங்கம் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி போட்டது. 1848 ஜூலையிலே மாத்தளையில் மூண்ட கலகத்துக்கு அவ்வரிகளும் எண்ணெய் வார்த்தன. துரைமார் நொடித்ததற்குச் சிங்களக் குடியானவன் வரி கட்டிய கதை அது. தனியே விரித்துரைக்கத் தக்கது.

அந்தச் சரிவுக்குச் சில ஆண்டுகளின் பின் வந்ததே 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கடனிறுக்க வகையற்றவரின் சொத்தைத் திரட்டி, நிருவகித்து, கடன்காரரிடையே பகிர்ந்தளிப்பது அதன் நோக்கம். 1849ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. தமிழகத்திலே மக்கள் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்பார்களே, அதற்கு இலங்கையில் வழிகாட்டிய ஏடு இதுதான். மாவட்ட நீதிமன்றத்திலே விண்ணப்பம் செய்யலாம். செய்தவன் தன் வரவு செலவு, கொடுக்கல் வாங்கல், உடைமை அனைத்தையும் சத்தியம் செய்து எழுதிக் காட்டவேண்டும். அவற்றைப் பொறுப்பாளர் ஒருவர் ஏற்று விற்றுப் பங்கிடுவார். விசாரணை நடக்கும் நாட்களிலே கடனுக்காக அவனைப் பிடித்துச் சிறையிலடைக்காதபடி நீதிமன்றம் பாதுகாப்பு வழங்கும். இறுதியில் ஒரு சான்றுப் பத்திரம். அதிலும் வகுப்புகள் உண்டு. தவிர்க்க முடியாத நட்டத்தால் வீழ்ந்தவனுக்கு முதலாம் வகுப்பு. ஓரளவு தன் தவறும் சேர்ந்தவனுக்கு இரண்டாம் வகுப்பு. முழுதும் தன் செய்கையாலேயே கெட்டவனுக்கு மூன்றாம் வகுப்பு. கடன் தொல்லை போனாலும், மூன்றாம் வகுப்புக்காரன் என்ற பெயர் ஊரிலே நிலைத்திருக்கும். சட்டம் நாணத்தையும் ஒரு கருவியாகப் பயன்படுத்தியது என்க.

ஒளிப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. கடன் கழுத்தை நெரிக்கத் தொடங்கியவுடன் காணியை மைத்துனன் பேரிலும், வண்டி மாட்டை மாமன் பேரிலும் எழுதிவிட்டு, மறுவாரம் வெறுங்கையை விரித்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகும் சாமர்த்தியம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. உரோமர் காலத்திலேயே இதற்கென்று பவுலிய வழக்கு என்னும் மாற்று மருந்து இருந்தது. கடன்காரரை ஏய்க்கச் செய்த கைமாற்றத்தை நீதிமன்றம் தள்ளிவிடலாம். உரோம-டச்சுச் சட்டத்தின் வழியாக அது இலங்கையிலும் வேரூன்றியது. ஆனால் மனைவியின் பொருள் உண்மையாகவே அவளுடையதாயின் கதை வேறு. யாழ்ப்பாணத் தமிழருக்கு 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதைத் தெளிவாக்கியது. பெண்ணுக்குரிய சொத்து அவளது தனிச் சொத்து. அந்தச் சொத்தின் பராமரிப்புக்கும் விருத்திக்குமாகப் பட்ட கடன் தவிர, கணவனின் வேறு கடனுக்கு அது பொறுப்பாகாது. இங்கே காக்கப்படுவது நொடித்தவனின் பொருளன்று. நொடித்தவனோடு வாழ்பவளின் பொருள். இவ்வேறுபாட்டைக் கோப்பித் தோட்டத்துக்குத் திரும்பும்போது நினைவிற் கொள்ளவேண்டும்.

1847இன் வீழ்ச்சியிலிருந்து கோப்பி மீண்டெழுந்தது. 1867இல் கண்டிக்கு வந்த புகையிரதம் 1880இல் மாத்தளையை அடைந்தது. 1870இல் ஏற்றுமதி 10 லட்சம் அந்தரைத் தாண்டியது. 1870களின் இறுதியில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது. ஆனால் அழிவு முன்பே வந்து குடியேறியிருந்தது. 1869இல் மடுல்சீமைப் பக்கத்திலே இலைகளின் அடியில் மஞ்சட்பொடி தூவியதுபோன்ற ஒரு பூஞ்சணம் காணப்பட்டது. முதலில் எவரும் பொருட்படுத்தவில்லை. விளைச்சல் குறைந்தபோது விலை ஏறியது. விலை ஏறியதைக் கண்டு மேலும் காட்டை வெட்டி மேலும் கடன் வாங்கினார்கள். நோய்ப்பட்ட பயிரை நம்பி வாங்கிய அக்கடனே பின்னர் பலரை மூழ்கடித்தது. 1884 மே 3ஆம் நாள், அக்கடன்களில் பெரும்பங்கைச் சுமந்திருந்த ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. கடைவீதியிலே புழங்கிய நோட்டுகளில் பெரும்பகுதி அவ்வங்கியின் நோட்டுகளே. ஒரு நாளிலே அவை வெற்றுக் காகிதமாகும் நிலை. தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் இலண்டனின் உத்தரவுக்குக் காத்திராமல் நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். அதே ஆண்டிலே அரசாங்க நாணயத் தாளுக்குச் சட்டமும் வந்தது. துணிச்சலான செயல், நோட்டு வைத்திருந்தவன் பிழைத்தான்.

நோட்டு கையிலே இல்லாதவன்? அவன் கதைக்கு இப்போது வருவோம்.

கோப்பித் தோட்டத்துத் தொழிலாளி பெரும்பாலும் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவன். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தான். வழியிலே நீருக்கும் நிழலுக்கும் பஞ்சம். வாந்திபேதிக்கு மட்டும் பஞ்சமில்லை. மாத்தளையிலே முத்துமாரியம்மனைக் கும்பிட்டு மலையேறினான். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் கூலியை மடியில் முடிந்துகொண்டு அவ்வழியே ஊர் திரும்புவது பலரின் எண்ணம். அவனுக்கு உடைமை என்று என்ன இருந்தது? ஒரு கம்பளி, அதன் விலையும் கணக்கிலே பற்று எழுதப்பட்டிருக்கும். ஒரு சட்டி, ஒரு பாய். தோட்டத்து அரிசியும் பற்று. இவற்றுக்கு அப்பால் அவனுக்கிருந்த ஒரே சொத்து, அவன் உழைத்துவிட்டு இன்னும் வாங்காத கூலி. அச்சொத்து அவன் கையில் இல்லை. துரையின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. இரண்டு மாதம், மூன்று மாதம், சிலவிடங்களில் அதற்கும் மேல்.

துரை நொடித்தால் அக்கூலி என்னவாகும்? சட்டத்தின் கண்ணிலே தொழிலாளியும் ஒரு கடன்காரன்தான். கடன் கொடுத்தவன் என்ற பொருளிலே. உடலால் கொடுத்த கடன் அது. ஆனால் வங்கியின் கையிலே ஈட்டுப் பத்திரம் இருந்தது. ஈடு வைத்தவனுக்கே முதலிடம். தோட்டம் ஏலத்தில் போனதும் அந்தப் பணம் வங்கிக்கும் முகவருக்கும் போயிற்று. தொழிலாளி வழக்காடி வென்றாலும் கிடைத்தது ஒரு தீர்ப்பு. அதனை நிறைவேற்றப் பிடிக்கத்தக்க பொருள் துரையிடம் இல்லை. புதிதாக வாங்கியவரோ, பழைய துரையின் கடன் எமக்கென்ன என்றார். சட்டப்படி அவர் சொன்னதும் சரி. இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தைவிட்டுப் போகும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். கூலி கொடாத துரையின் குற்றம் கொடுக்கல் வாங்கல் வழக்கு; வேலையைவிட்டு ஓடிய தொழிலாளியின் குற்றம் தண்டனை வழக்கு. கூலி நெடுநாள் நிலுவையானால் அவன் போகலாம் என்ற சலுகை ஏட்டிலே இருந்தது. எழுத்தறியாதவன், பாஷை தெரியாதவன், நீதிமன்றம் பத்துக் கட்டைக்கு அப்பால் இருப்பவன், அச்சலுகையை எவ்வாறு எண்ணிப் பார்த்து எடுத்துக்கொள்வான்?

கங்காணியும் இச்சுழலில் அகப்பட்டான். ஆட்களைத் திரட்டுவதற்காக அவன் கொடுத்த முற்பணம் துரையிடமிருந்து வரவேண்டியது. துரை வீழ்ந்ததும் கங்காணி தன் நட்டத்தைத் தன் ஆட்களின் பேரில் ஏற்றினான். ஆகவே கொழும்பிலே ஒரு வங்கி விழ, மலைச்சரிவிலே ஒரு லயத்துக் குடும்பத்தின் பற்றுக் கணக்கு ஏறியது.

1884ஆம் ஆண்டே இதற்கும் சட்டம் செய்யப்பட்டது. தொழிலாளியின் கூலி, தோட்டத்தின் மீது முதற்பொறுப்பு என்று அது விதித்தது. சொல் சிறிது, விளைவு பெரிது. அதன் பின் கூலிக்குப் பொறுப்பாளி நொடித்துப்போன ஒரு துரை மட்டுமல்ல, தோட்டமே பொறுப்பாளி. யார் ஈடு பிடித்திருந்தாலும், யார் ஏலத்தில் எடுத்தாலும், நிலத்தோடு அக்கடன் ஒட்டிக்கொண்டு போகும். வங்கிக்கு முன்னே தொழிலாளி நிற்பான். வங்கி நோட்டைக் காக்க ஓர் அறிவிப்புப் போதுமாக இருந்தது. கூலியைக் காப்பதற்கோ ஆண்டுக்கணக்கான முறையீடுகளும், பல ஏலங்களும், வெறுங்கையோடு வடக்கு வீதியிலே திரும்பி நடந்தவர்களும் வேண்டியிருந்தார்கள். கோர்டன் பிஜித்தீவிலும் மொரீசியசிலும் தோட்டக்காரரோடு முட்டி மோதிப் பழகியவர். அப்பழக்கம் இங்கே வீண்போகவில்லை என்று சொல்லலாம். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தொழிலாளரின் கூலி பற்றிய விதிகளை மேலும் உறுதிப்படுத்தியது.

அதே 1889இல் குடியியல் நடைமுறைக் கோவை வந்தது. 2ஆம் இலக்கம், அதன் 218ஆம் பிரிவு நிதானமாகப் படிக்கத் தக்கது. தீர்ப்புப் பெற்ற கடன்காரன் சார்பில் பிஸ்கால் அதிகாரி கடனாளியின் வீட்டுக்குள் நுழையும்போது எவற்றைத் தொடலாகாது என்று அது எண்ணிச் சொல்கிறது. கடனாளிக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் வேண்டிய உடை, கட்டில், படுக்கை. தொழிலாளியின் கருவிகள். உழவனாயின் ஏரும் மாடும் விதைநெல்லும், பிழைப்புக்கு வேண்டிய அளவு. கணக்கேடுகள். இனிமேல் வரவேண்டிய பராமரிப்புப் பணம். கூலியாட்களின், வீட்டு வேலைக்காரரின் சம்பளம். இந்தியாவின் 1882ஆம் ஆண்டுக் கோவையைத் தழுவியது இப்பட்டியல். அதன் வழித்தோன்றலான 1908ஆம் ஆண்டின் இந்தியக் கோவை இன்னும் ஒரு படி சென்று சமையற் பாத்திரங்களையும், சமய வழக்கப்படி ஒரு பெண் தன்னைவிட்டுப் பிரிக்கலாகாத அணிகளையும் சேர்த்துக்கொண்டது. தாலி என்ற சொல் அங்கே இல்லை. ஆயினும் சென்னை மாகாணத்துப் பெண்ணுக்கு அதன் பொருள் தாலிதான். 1909இல் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு வந்த கடன் முறிவுச் சட்டம், கருவி, உடை, படுக்கை, பாத்திரம், தட்டுமுட்டு எல்லாம் சேர்ந்து 300 ரூபாய்க்கு மேற்படாமல் வைத்துக்கொள்ளலாம் என்று தொகையே குறித்தது. 1906இல் சென்னையின் ஆர்பத்நட் வங்கி விழுந்து ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு மூழ்கியதும், அதன் தலைவர் சிறை சென்றதும் அப்போது எல்லோருக்கும் நினைவிலே இருந்தன.

இந்தப் பட்டியல்களைக் கருணையின் விளைவு என்று மட்டும் கொள்வது சரியன்று. ஏரை விற்றால் கடன்காரனுக்குச் சில ரூபாய் வரும்; ஏரை விட்டுவைத்தால் அடுத்த போகத்திலே மீதிக் கடனும் வரக்கூடும். உழவனை ஆண்டியாக்கினால் ஊர்தான் சோறு போடவேண்டும். சட்டம் செய்தவர்கள் இக்கணக்கை நன்றாகவே போட்டிருந்தார்கள். கணக்கேடுகளைத் தொடாதே என்றதும் அதே புத்தியால்தான். கணக்கு அழிந்தால் யாருக்கு எவ்வளவு என்பதே தெரியாமற்போகும்.

ஆனால் துரைக்கும் தொழிலாளிக்கும் இருந்த ஒரு வேற்றுமையை 1889உம் நீக்கவில்லை. நொடித்த துரை நீதிமன்றத்திலே எல்லாவற்றையும் ஒப்புவித்துச் சான்றுப் பத்திரம் பெற்று, பழங்கடன் தீர்ந்து, வேறு தோட்டத்திலே சம்பளத்துக்கு அமரலாம், பலர் கப்பலேறினார்கள். தொழிலாளிக்கும் ஒரு பத்திரம் இருந்தது. அதற்குத் துண்டு என்று பெயர். கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்திலே அது வேர்விட்டது. இன்ன கங்காணியையும் அவன் ஆட்களையும், இவ்வளவு கடனைச் செலுத்தினால் விடுவிக்கச் சம்மதம் என்று ஒரு தோட்டம் எழுதித் தரும். அடுத்த தோட்டம் அப்பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீரவில்லை, கைமாறியது. தோட்டத்துக்குத் தோட்டம் போகப் போக அது வளர்ந்தது. ஆள் தேவை மிகுந்த ஆண்டுகளிலே துரைமார் போட்டியிட்டு முற்பணம் கொடுக்க, அப்பணத்தின் பெரும்பகுதி கங்காணியோடு நிற்க, பற்று மட்டும் தொழிலாளியின் பேரில் ஏறியது. துரையின் பத்திரம் அவனைக் கடனிலிருந்து பிரித்தது. தொழிலாளியின் பத்திரம் அவனைக் கடனோடு சேர்த்து அனுப்பியது. கூலியைப் பறிமுதல் செய்யலாகாது என்ற 218ஆம் பிரிவும் இங்கே உதவவில்லை. பிஸ்கால் வந்து பிடித்தால்தானே அப்பிரிவு தடுக்கும்? இங்கே சம்பள மேசையிலேயே, கூலி கைக்கு வருமுன்னரே, பற்று கழிக்கப்பட்டது.

துண்டு முறை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையைவிட்டுப் போனதற்காகத் தொழிலாளியைச் சிறையிலிடும் விதிகளும் அத்துடன் நீங்கின. அதற்குள் ரிவர்ஸ்டன் சூழ்ந்த மலைகளிலே கோப்பியின் சுவடு பெரும்பாலும் மறைந்திருந்தது. தாழ்ந்த சரிவுகளில் தேயிலையும், மாத்தளைப் பக்கம் கொக்கோவும், உயர்ந்த காட்டு நிழலிலே ஏலமும் அதன் இடத்தைப் பிடித்திருந்தன. கோப்பிக் காலத்திலே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவற்றிலே வேலை செய்துகொண்டிருந்தார்கள்.